ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை

வாகனத்தின் பல பாகங்கள் பழுதாகும் முன் நமக்குச் சொல்லிவிடும். பிரேக் கட்டை தேய்ந்தால் கீச்சிடும். பற்றரி பலவீனமானால் காலையில் ஸ்டார்ட் எடுக்கத் தயங்கும். சைலன்சரில் ஓட்டை விழுந்தால் தெருவுக்கே தெரியும். டைமிங் பெல்ட்டிடம் அந்தப் பழக்கம் பெரும்பாலும் கிடையாது. அறுந்துபோகும் நிமிடம் வரை ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஜப்பானியக் கார்களுக்கு அது ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீற்றர். றப்பர் நின்ற இடத்திலேயே முதுமையடையும் என்பதால், ஓட்டம் குறைவாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் நிற்பது 1993ஆம் ஆண்டு ஹொண்டா பிரெலூட். இரண்டே கதவுகள் கொண்ட, நிலத்தோடு ஒட்டினாற் போல் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் குடும்பக் கார் வாங்கப் போன வாப்பா, கையிலிருந்த காசுக்குக் கிடைத்த இதைக் கொண்டுவந்தார். குடும்பத்துக்கு ஏற்ற வண்டி என்று இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் மாதம் ஒருமுறை உம்மும்மாவைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிச் செல்வது இதில்தான். முன் ஆசனம் அவருக்கு. பின்னால், முழங்கால் நாடியில் முட்ட, நான். போக ஏறத்தாழ 180 கிலோமீற்றர். திரும்பி வரும்போது ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டிவிடும். யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி அது. அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று ஒருநாள் உம்மா கேட்டார். வாப்பாவிடம் பதில் இல்லை.

மீற்றர் 198,000 காட்டியது. பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று முன்னைய உரிமையாளருக்கும் தெரியவில்லை, எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவும் இல்லை. இப்படியான நிலையில் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும் என்றார் மாமா. உம்மாவின் தம்பியான அவர் நீண்ட காலம் கராஜில் வேலை செய்தவர். உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் எனக்கு, அவருக்குக் கையாளாக நிற்கும் வாய்ப்புக் கிடைத்தது.

பெல்ட் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் இவ்வளவு பயம் ஏன் என்பதும் விளங்கும். எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. கிராங்க் தண்டு அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. மேலே இரண்டு கேம் தண்டுகள் சுழன்று வால்வுகளை அழுத்தித் திறக்கின்றன. காற்றும் பெற்றோலும் உள்ளே வரவும் புகை வெளியேறவும் உள்ள கதவுகள்தான் வால்வுகள். (கேம் புதிய சங்கதியல்ல. 1206இல் தமது பொறிகள் பற்றிய நூலை நிறைவுசெய்த அல்-ஜஸரி, சுழலும் உருளையில் முளைகளைப் பொருத்தி, அவை நெம்புகோல்களை அழுத்த, படகில் அமர்ந்த பொம்மைக் கலைஞர்கள் மேளம் தட்டும்படி செய்திருக்கிறார்.) கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்று மட்டுமே சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் எஞ்சின் ஓடினால், ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இந்தக் கணக்குப் பிசகாமல் மேலையும் கீழையும் இணைத்து வைத்திருப்பது பற்கள் கொண்ட ஒரு றப்பர் பட்டி. முன்பு சங்கிலியோ பற்சில்லோ இந்த வேலையைச் செய்தது. 1962இல் ஜேர்மனியின் கிளாஸ் 1004 என்ற சிறிய கார்தான் பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்டவற்றுள் முதலில் பெல்ட்டுக்கு மாறியது. பெல்ட் இலேசானது, சத்தம் குறைந்தது, ஒயில் கேட்காது. காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும் என்பதுதான் அதற்கான விலை.

எங்கள் எஞ்சினில் திறந்த வால்வின் நுனியும் மேலே வந்த பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரங்களில் பயன்படுத்துகின்றன. பெல்ட் அறுந்தால் கேம் தண்டு அப்படியே நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி இருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பிறகு எஞ்சின் தலையையே கழற்ற வேண்டும். எல்லா எஞ்சின்களும் இப்படியல்ல. சிலவற்றில் போதிய இடைவெளி இருப்பதால் வண்டி நிற்பதோடு சரி. உங்கள் வீட்டு வண்டி எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சாமான்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். போலிகளும் கிடைக்கும் இடம் என்பதால் மாமா பெட்டியை நம்பாமல் ஒவ்வொரு பாகத்தின் இலக்கத்தையும் சரிபார்த்தார். வாங்கியது பெல்ட் மட்டுமல்ல. எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் சமநிலைத் தண்டுகளுக்கு இதில் தனியாக ஒரு சிறிய பெல்ட் உண்டு. அதுவும், பெல்ட்டை இறுக்கும் சில்லும், ஒயில் சீல்களும், வோட்டர் பம்பும். பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாப்பா கேட்டார். அந்தப் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். ஆறு மாதத்தில் அது ஒழுகினால் இதே வேலையை மீண்டும் முழுதாகச் செய்ய வேண்டும். கராஜில் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டிய விடயம் இது. கூலியில் பெரும்பகுதி அந்த இடத்தைச் சென்றடைவதற்கே போகிறது. போன இடத்தில் உள்ள எல்லாவற்றையும் மாற்றிவிட்டு வருவதுதான் சிக்கனம்.

சனிக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பின் தொடங்கினோம். பற்றரியைக் கழற்றி, வண்டியை ஜக்கால் உயர்த்தி, இரும்பு ஸ்டேண்டுகளில் இருத்தினோம். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. முன் இடது சில்லைக் கழற்றினால் பெல்ட் இருக்கும் பக்கம் தெரியும். எஞ்சினைக் கீழிருந்து மரக்கட்டையால் தாங்கிவிட்டுத்தான் அந்தப் பக்கத்து மவுண்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் உம்மாவின் பழைய பிஸ்கட் டின்களில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுவது என் வேலை.

மிகக் கடினமானது கிராங்க் முனையிலுள்ள பெரிய போல்ட். 200 நியூட்டன் மீற்றருக்கும் மேலான விசையில் இறுக்கப்பட்டது, போதாததற்கு உட்துறைமுகத்தின் உப்புக் காற்று. முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தோம். ஸ்பானர் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி, மாமாவும் வாப்பாவும் சேர்ந்து அழுத்தினார்கள். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். போல்ட் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். "கழண்டுட்டு மகள், டோர்ச்ச இஞ்சால புடிங்க" என்றார் வாப்பா.

மூடியைத் திறந்ததும் பெல்ட் தெரிந்தது. முதுகில் மெல்லிய வெடிப்புகள். ஓரத்தில் ஒயில் ஊறி றப்பர் மென்மையாகியிருந்தது. பழைய சீல் கசிந்திருக்கிறது. வோட்டர் பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே காய்ந்த பச்சைக் கறை. வாப்பா அதைப் பார்த்துவிட்டுப் பம்பைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

புதிய பெல்ட்டைப் போடுவதற்குப் பலத்தைவிடப் பொறுமைதான் தேவை. முதலாவது பிஸ்டன் உச்சியில் இருக்க வேண்டும். இரண்டு கேம் சில்லுகளின் குறிகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கீழே கிராங்கின் குறி அதன் கோட்டில் நிற்க வேண்டும். பின்பக்கச் சமநிலைத் தண்டு தானாகத் திரும்பிவிடாதபடி, எஞ்சின் உடலிலுள்ள துளையினூடாக ஒரு நீண்ட போல்ட்டைச் செலுத்தி நிறுத்த வேண்டும். பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்தாலும் எஞ்சின் சரியாக ஓடாது. ஆகவே மாமா பார்த்தார், பிறகு நான் பார்த்தேன், பிறகு தொலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி இருவரும் பார்த்தோம்.

அடுத்ததுதான் முழு வேலையின் உயிர். சாவியைத் தொடாமல், கிராங்கைக் கையாலேயே ஆறு சுற்றுச் சுற்ற வேண்டும். அதுவும் இடஞ்சுழியாக, பெரும்பாலான எஞ்சின்களுக்கு மாறாக, இந்த ஹொண்டா சுழலும் திசை அது. எங்காவது கெட்டியாகத் தடுத்தால் உடனே நிறுத்த வேண்டும். பிஸ்டன் வால்வைத் தொடுகிறது என்று பொருள். கையால் சுற்றும்போது தொட்டால் ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது தொட்டால் எல்லாம் முடிந்தது. மாமா ஸ்பானரை என் கையில் தந்தார். ஆறு சுற்றும் சீராக ஓடின. குறிகள் மீண்டும் அதே இடத்துக்கு வந்து நின்றன.

மிச்சம் எல்லாம் வழமையான வேலைகள்: பிளக், எயார் ஃபில்டர், எஞ்சின் ஒயில். எஞ்சின் முற்றாக ஆறியிருந்த ஞாயிறு காலையில் வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்தோம். ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொன்று அளவிலான இடைவெளி அது, சூட்டில் மாறிவிடும். பிரேக் ஒயிலையும் மாற்றினோம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். ஈரம் சேர்ந்தால் மாத்தளை இறக்கம் போன்ற இடத்தில் சூடாகிக் கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகலாம். கடலோரத்தில் இருக்கும் நாங்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் அதை வைத்திருப்பதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். அஸருக்கு முன் எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. பெல்ட் மூடியில் திகதியையும் 198,000 என்ற எண்ணையும் அழியாத மையால் எழுதினேன். அடுத்து வாங்குபவர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் பழைய கூலன்ட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். றேடியேற்றரிலிருந்து வடியும் அந்தப் பச்சைத் தண்ணீரில் எதிலீன் கிளைகோல் இருக்கிறது. அதன் சுவை இனிப்பு. சிறிதளவு நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். குழந்தைகளுக்கும் அது நஞ்சுதான். எங்கள் ஊரில் ஆடு மாடு மட்டுமன்றி, புள்ளிமான்களும் தெருவில் திரிகின்றன. வேலிக்கு வெளியே வைக்கும் வாளியில் தலையை விடாமல் அவை போகமாட்டா. ஆகவே கூலன்ட்டை மூடியுள்ள கலன் ஒன்றில் நேராக வடித்து, கான் பக்கம் ஒரு துளியும் போகவிடாமல், பழைய ஒயிலோடு சேர்த்து மாமாவின் நண்பரது கராஜில் ஒப்படைத்தோம். நிலத்தில் சிந்தியதை மணல் போட்டு அள்ளி எடுக்கும் வரை கேற்றைத் திறக்க உம்மா விடவில்லை.