ஆரணி சாயப்பட்டறையில் ஒரு புகைக்குழாய்

"தம்பி, கேஸ் எரியாமலே மேல போவுதா இன்னான்னு பாத்துச் சொல்லு" என்று பட்டறைக்காரர் கூப்பிட்டதில் ஆரம்பித்தது இது. விறகு அடுப்பிலிருந்து எல்பிஜி பர்னருக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. புகை இல்லை, சாம்பல் அள்ள வேண்டாம். ஆனால் சிலிண்டர் கணக்கு அவர் போட்டு வைத்திருந்ததைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பர்னர் பாதி எரித்து, பாதியை அப்படியே புகைக்குழாயில் அனுப்புகிறது என்பது அவர் சந்தேகம்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் ஏறுவதற்கு முன்னால் அதன் பசையைப் போக்க வேண்டும். கச்சா நூலின் எடையில் ஏறக்குறைய கால்வாசி செரிசின் என்கிற பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் இருக்கும் தண்ணீரில் நூலை முக்கி எடுத்தால் அது கரைந்து போகும். பிறகு அலசுவது, சாயத்தொட்டி, மறுபடி அலசுவது. எல்லாமே வெந்நீர். சேலை விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஜரிகையைச் சொல்வார்கள், அடுப்புச் செலவைச் சொல்ல மாட்டார்கள்.

என்னிடம் இருந்தது கையடக்கமான புகைவாயு அளவி. உள்ளே இரண்டு மின்வேதி உணரிகள்: ஒன்று ஆக்ஸிஜனுக்கு, ஒன்று கார்பன் மோனாக்சைடுக்கு. கூடவே வெப்பநிலை. 1870களில் ஓர்சா என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பெயரில் வந்த கண்ணாடிக் குழாய்க் கருவியில் இதே வேலையைத் திரவங்களில் வாயுவை உறிஞ்ச வைத்துச் செய்தார்கள். ஒரு அளவுக்குக் கால் மணி நேரம் ஆகும். இப்போது ஒரு நிமிஷம். அவசரப்பட்டுத் தப்பு செய்யவும் அதே ஒரு நிமிஷம் போதும்.

நான் செய்தேன். கைக்கு எட்டின இடத்தில், குழாய் மூட்டுக்கு மேலே இருந்த துளையில் சலாகையை விட்டேன். ஆக்ஸிஜன் 17.2 சதவீதம், கார்பன் மோனாக்சைடு 65 பிபிஎம். "அண்ணே, சுத்தமா எரியுது" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்புறம்தான் அந்த மூட்டு ஆடுவதைப் பார்த்தேன். இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது. மூட்டுக்குக் கீழே இன்னொரு துளையில் அளந்தால் ஆக்ஸிஜன் 14, கார்பன் மோனாக்சைடு 120.

இரண்டில் எது சரி? இரண்டுமே சரிதான். பாலில் தண்ணீர் கலந்தால் பாலின் அளவா குறைகிறது? அதனால்தான் பிபிஎம் எண்ணை மட்டும் வைத்து எதையும் சொல்லக்கூடாது. வாயு பாய்லர்களில் வழக்கமாக 3 சதவீத ஆக்ஸிஜனுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். காற்றில் ஆக்ஸிஜன் 21. அளந்த பிபிஎம்மை 18ஆல் பெருக்கி, 21இலிருந்து அளந்த ஆக்ஸிஜனைக் கழித்து வந்ததால் வகுக்க வேண்டும். மேலே: 65 × 18 / 3.8. கீழே: 120 × 18 / 7. இரண்டும் 308, 309 என்று வந்து நிற்கின்றன.

சரி, 309 பிபிஎம் என்றால் எவ்வளவு எரிபொருள் வீண்? 3 சதவீத ஆக்ஸிஜனில் 1000 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு இருந்தால் எரிபொருளின் சூட்டில் சுமார் 0.35 சதவீதம் போகிறது. அப்படியானால் இங்கே போவது 0.1 சதவீதம். ஒரு சிலிண்டரில் ஒரு டம்ளர்கூட இல்லை.

ஆனால் இது எரியாத எரிபொருளில் ஒரு பகுதி மட்டும். புரொப்பேனோ பியூட்டேனோ எரியாமல் அப்படியே போனால் என் அளவிக்குத் தெரியாது. அதற்கு ஹைட்ரஜன் தீச்சுடரில் வாயுவைச் செலுத்தி, பிறக்கும் அயனிகளின் மின்னோட்டத்தை அளக்கிற கருவி வேண்டும். 1950களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியாக உருவானது அது. புகைவாயுவைச் சூடு குறையாமல் கொண்டுபோகும் குழாயும் சேர்த்து, ஒரு சாயப்பட்டறைக்கு வாங்குகிற விலையில் இல்லை. விஷயம் சின்னதும் இல்லை: 1000 பிபிஎம் புரொப்பேன் என்றால் எரிபொருளில் 2.5 சதவீதம் வீண்.

நமக்கு உதவுவது எரிதலின் வரிசை. ஹைட்ரோகார்பன் முதலில் உடைந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது, அதுதான் கடைசியில் கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. கடைசிப் படி நன்றாக முடிந்திருந்தால் முதல் படியும் பெரும்பாலும் முடிந்திருக்கும். விதிவிலக்கு உண்டு: பர்னரின் ஒரு மூலையில் தீ பற்றாமல் வாயு மட்டும் வருவது, நிறுத்தினபிறகும் வால்வு கசிவது. அதற்கு மூக்கும் ஒரு கருவி. எல்பிஜியில் சேர்க்கிற மெர்காப்டன் நாற்றம் தீயில் எரிந்துவிடும், பச்சை வாயு போனால் நாறும். இங்கே நாற்றம் இல்லை. நிறுத்தியபின் கசிவுமானியை வைத்தும் பார்த்தோம், ஒன்றும் இல்லை.

அப்போ காசு எங்கே போனது? காற்றில். 14 சதவீத ஆக்ஸிஜன் என்றால் தேவையைப்போல மூன்று மடங்கு காற்று உள்ளே போய், சூடாகி, வெளியே போகிறது. புகைவாயு 220 டிகிரி, பட்டறை 34. ஜெர்மானியர்களின் சீகெர்ட் சூத்திரப்படி போட்டால் புகைக்குழாயில் 18 சதவீதம் போகிறது. அந்தக் கார்பன் மோனாக்சைடும் காற்றுப் பற்றாக்குறையால் வந்ததல்ல. அதிகக் காற்று தீயைக் குளிர வைத்து, கடைசிப் படியை முடிக்க விடவில்லை.

பர்னர் மெக்கானிக் வந்து காற்றுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினார். கார்பன் மோனாக்சைடு முதலில் இறங்கியது. ஆக்ஸிஜன் 2க்குக் கீழே போனதும் ஒரே பாய்ச்சலில் 1000ஐத் தாண்டியது. அவர் சட்டென்று திறந்தார். 4.5இல் நிறுத்தினோம்: 35 பிபிஎம், 205 டிகிரி, இழப்பு 8 சதவீதம். கணக்குப்படி 100 சிலிண்டர் ஆன இடத்தில் இனி 89 போதும். இன்னும் கொஞ்சம் மூடலாமே என்றார் பட்டறைக்காரர். மெக்கானிக் மறுத்துவிட்டார். காற்று வடிகட்டி ஒரு வாரம் தூசி பிடித்தாலே விளிம்பைத் தாண்டிவிடும்.

கிளம்பும்போது தொட்டியடியில் நின்ற அம்மா சொன்னார்: "மழ நாள்ல கதவச் சாத்துனா தலை வலிக்குது." கதவு அடைத்திருந்தால் பர்னருக்கே போதிய காற்று வராது, இழுப்பும் குறையும். இழுப்பு குறைந்தால் அதே ஆடுகிற மூட்டு காற்றை உள்ளே வாங்காது, புகையை வெளியே விடும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வேலையிடத்துக் கார்பன் மோனாக்சைடுக்கு 8 மணி நேரச் சராசரியாக 50 பிபிஎம் என்று வைத்தது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதை அளந்து பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொல்லி, அளவியைத் தொட்டி உயரத்தில் வைத்து அரை மணி நேரம் ஓட்டினேன். 70ஐத் தொட்டது. பர்னரை நிறுத்தினோம்.

மூட்டை மறுநாளே மாற்றினார்கள். சுவரில் தரையை ஒட்டி ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று என மூட முடியாத இரண்டு திறப்புகளும் போட்டாயிற்று.