முதுகை இழுத்தால் வலி தீருமா?

இழுவையின் கணக்கு

ஜவ்வு (டிஸ்க்) விலகி நரம்பை அழுத்துகிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிவிட்டால், அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ‘ஸ்பைனல் டீகம்ப்ரஷன்’ என்ற பெயரில் தரப்படும் இழுவைச் சிகிச்சை இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. இடுப்பிலும் மார்பிலும் பட்டை கட்டி, மேசையில் படுக்கவைத்து, கணினிக் கட்டுப்பாட்டில் விட்டு விட்டு இழுக்கிறார்கள். டிஸ்க்குக்குள் அழுத்தம் குறையும், பிதுங்கியது உள்ளே திரும்பும் என்பது கணக்கு. இதன் முதல் பாதிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1994இல் வெளியான ஓர் ஆய்வில் டிஸ்க்குக்குள் குழாய் செலுத்தி அளந்தபோது, இழுக்கும் நேரத்தில் அழுத்தம் வெகுவாக இறங்கியது. ஆனால் அந்த அளவுகள் மிகச் சிலரிடம் மட்டுமே எடுக்கப்பட்டவை. எழுந்து நின்றதும் உடலின் எடை மறுபடி அதே டிஸ்க்கின் மேல்தான் இறங்குகிறது. மேசையில் கிடைத்த எண்ணைக் காட்டி, மாதக்கணக்கில் வலியில்லாமல் நடமாடலாம் என்று உறுதி கொடுப்பது நியாயமில்லை.

சோதனைகள் சொன்னது

வலி குறைந்ததா, வேலைக்குத் திரும்ப முடிந்ததா என்பதுதான் நோயாளிக்கு முக்கியம். அதைக் கேட்ட 32 சோதனைகளை, மொத்தம் 2,762 பேரின் விவரங்களை, 2013இல் காக்ரேன் ஆய்வுக்குழு ஒருசேரப் பரிசீலித்தது. சயாட்டிகா (காலுக்கு இறங்கும் நரம்பு வலி) இருந்தாலும் இல்லாவிட்டாலும், இழுவையால் கீழ்முதுகு வலியில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பதே முடிவு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2016இலேயே இதைத் தர வேண்டாம் என்றது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும், வழக்கமாகத் தரக்கூடாத சிகிச்சைகளில் இழுவையைச் சேர்த்திருக்கிறது.

‘அதெல்லாம் பழைய டிராக்‌ஷன், எங்கள் கருவி வேறு’ என்பது வழக்கமாக வரும் பதில். புதிய கருவியையும் சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உண்மையான இழுவையும் இன்னொரு பிரிவினருக்குப் பெயரளவுக்கான இழுவையும் கொடுத்தார்கள். 2009இல் வந்த முடிவுப்படி இரு பிரிவினருக்குமே வலி குறைந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற கருவி என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். இவ்வகைக் கருவிகள் பெறும் அனுமதி, ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு இது இணையானது என்ற அடிப்படையில் தரப்படுவது. நோயைக் குணமாக்கும் என்ற சான்றிதழ் அல்ல.

‘எனக்குக் குணமானதே?’

இதுதான் வலுவான மறுப்பு. குணமானவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வலி உண்மையாகவே போயிருக்கிறது. அதைப் போக்கியது எது என்பதுதான் கேள்வி. பிதுங்கிய டிஸ்க் பெரும்பாலும் தானாகவே சுருங்குகிறது. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், டிஸ்க்கின் உட்பொருள் வெளியே தள்ளிவந்த நிலையில் 70 சதவீதமும், துண்டாகப் பிரிந்த நிலையில் 96 சதவீதமும் அறுவை இல்லாமலே தானாகச் சுருங்கியிருந்தன. ஸ்கேனில் மிகவும் பயமுறுத்தும் பிதுக்கமே அதிகம் சுருங்குகிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். இருபது முறை இழுத்து முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் பிடிக்கிறது. உடல் செய்த வேலைக்கான பெயர் இயந்திரத்துக்குப் போய்விடுகிறது.

ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமும் அல்ல. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பார்த்த இன்னொரு 2015 ஆய்வில், இருபது வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது.

கழுத்து சற்று வேறு

கழுத்து நரம்பு அழுத்தப்பட்டுக் கைக்கு வலி இறங்குபவர்களில், உடற்பயிற்சியோடு இழுவையும் சேர்த்தவர்கள் கூடுதல் பலன் பெற்றதாக 2014இல் 86 பேரிடம் நடந்த சோதனை காட்டியது. சோதனை சிறியது, பலனும் பயிற்சியோடு சேர்ந்து கிடைத்தது. தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் அளந்து கொடுத்தால் முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து. எல்லாக் கழுத்துவலிக்கும் அது பொருந்தாது.

பணம் கட்டும் முன்

எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்), முறிவு, புற்றுநோய், தொற்று இருக்கும் முதுகை இழுக்கக் கூடாது. நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல. மாலைக் காய்ச்சலும் எடைக்குறைவும் முதுகுவலியோடு வந்தால் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களின் கழுத்தில் இழுவை ஆபத்தாகலாம். இவை இல்லாத சாதாரண முதுகுவலிக்குப் படுத்தே கிடக்காமல் நடப்பது, படிப்படியாகப் பயிற்சி செய்வது, தேவைப்பட்டால் சில நாள் வலிமருந்து எடுப்பது ஆகியவை பெரும்பாலும் போதும். இத்தனை அமர்வுகளுக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அறுவை மூலம் நரம்பை விடுவிக்கும் சிகிச்சை வேறு. தேவைப்படும் நேரத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, கால்கள் வலுவிழந்தாலோ, அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அந்த நிலையில் ஒரு நாள் தாமதமும் நிரந்தர ஊனமாகலாம்.