தாளுக்கு அண்ணன் குருத்தோலை

சீனாவில் வசந்தப் புத்தாண்டு நெருங்கினால் சன்னல்களில் சிவப்புத் தாள் பூக்கள் ஏறிவிடும். கத்தரியாலோ சிறு கத்தியாலோ வெட்டிய மீன், பறவை, பூ. கல்யாண வீட்டுக் கதவில் இரட்டை மகிழ்ச்சி எழுத்து. யுனெஸ்கோ 2009இல் இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கண்டியில் இதற்கு உறவு தேடுகிறவர் தென்னங்குருத்திடம்தான் போக வேண்டும்.

சிங்களவர் கொக்கொல என்கிற அந்த விரியாத ஓலை வெளிர் மஞ்சளாக இருக்கும், வளைத்தால் முறியாது. நார் நீளவாக்கில் ஓடுவதால் நகத்தால் கீறினாலே நேராகக் கிழியும். குறுக்கே போகத்தான் கத்தி. சீனத் தாளில் வேண்டாததை வெட்டி எறிகிறார்கள். எத்தனை ஓட்டை போட்டாலும் மிச்சம் ஒரே துண்டாக நிற்க வேண்டும், அதுதான் அங்கே சாமர்த்தியம். ஓலையில் பெரும்பாலும் எதையும் எறிவதில்லை. கீறி, மடித்து, சுருட்டி, சொருகுகிறார்கள். அதனால் பூ தட்டையாகக் கிடக்காமல் எழுந்து நிற்கும்.

இந்த வேலையின் உச்சத்தைக் காண மலைநாட்டின் கொஹொம்பா கங்காரிய சடங்குக்குப் போக வேண்டும். கண்டி நடனத்தின் வேர் அந்தச் சடங்கில்தான் இருக்கிறது. நோயும் தோஷமும் நீங்க இரவு முழுக்க ஆடும் அந்தப் பந்தலை வாழைத்தண்டாலும் குருத்தாலும் சோடிப்பார்கள். தெய்வங்கள் வந்து அமரும் இடம் என்பதால் கைவேலையில் சோம்பலுக்கு இடமில்லை. ஆனால் சில நாளில் ஓலை காய்ந்து சுருண்டுவிடும். அடுத்த சடங்குக்குப் புதுக் குருத்து வெட்டியாக வேண்டும்.

கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில் வீதியில் நடக்கும் தமிழருக்கு இது அந்நியமில்லை. நம் தோரணத்தில் மடிக்கும் 'குருவி'களைக் கவனித்திருக்கிறீர்களா? நல்ல காரியம் என்றால் நான்கு குருவி, தலை மேல்நோக்கி. துக்க வீடு என்றால் மூன்று, தலை கீழ்நோக்கி. படலையடியில் வந்து நிற்கிறவர் உள்ளே கேட்காமலே விஷயத்தை அறிவார். சீனக் கதவின் சிவப்புத் தாள் செய்வதும் இதையேதான். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் தோரணத்தில் குருவி எந்தப் பக்கம் பார்த்தாலும் யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு அதன்மேல் உள்ள கோபம் இதுதான்.

கண்டியில் தாளுக்கும் ஒரு நாள் உண்டு: வெசாக். மூங்கில் சிம்பில் ஆறு சதுரங்கள் கட்டி, மூலையோடு மூலை இணைத்தால், இடைவெளிகளில் எட்டு முக்கோணங்கள் தாமாகவே பிறக்கும். அதன்மேல் மெல்லிய வண்ணத் தாள் ஒட்டி, பல மடிப்பாக வைத்து ஒரே வெட்டில் கத்தரித்த வால்களைத் தொங்கவிட்டால் வெசாக் கூடு தயார்.