சக்கரம் சுழல வேண்டும்

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம். நேர்ப்பாதையில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் பாய்ந்து வருகிறது. தடுப்புக்குப் பின்னால் நிற்கும் இரண்டு போட்டோகிராபர்கள் ஒரே சமயத்தில் கிளிக் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வைத்திருக்கும் ஷட்டர் வேகம் 1/4000 நொடி. மற்றவர் வைத்திருப்பது 1/125 நொடி. முதல் படத்தில் காரின் ஸ்டிக்கர், திருகாணி, டயரில் அச்சிட்ட எழுத்து எல்லாமே பளிச்சென்று தெரியும். ஆனாலும் வண்டியை நிறுத்தி வைத்து எடுத்தார்களோ என்ற சந்தேகம் வரும். இரண்டாவது படத்தில் புல்லும் விளம்பரப் பலகைகளும் கோடுகளாக இழுபட்டிருக்கும், சக்கரம் சுழலும், கார் மட்டும் தெளிவாக நிற்கும். விளையாட்டுப் பக்கத்தில் இடம்பிடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது படம்தான்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 50 மீட்டர். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் அந்த வேகத்தில் நொடிக்கு 26 முறைக்கு மேல் சுற்றும். 1/4000 நொடிக்குள் அது திரும்புவது சுமார் 2 டிகிரி. கண்ணுக்கு அது நின்ற சக்கரம்தான். 1/125 நொடியில் அதே சக்கரம் 76 டிகிரி, அதாவது ஏறத்தாழ கால் சுற்று, சுற்றிவிடுகிறது. வேகம் படத்துக்குள் வருவது இப்படித்தான்.

ஆனால் அந்த 1/125 நொடியில் காரும் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமரா அசையாமல் இருந்தால் படத்தில் கார் கலங்கிவிடும். ஆகவே காரோடு சேர்ந்து கேமராவும் திரும்ப வேண்டும். இதைத் தொழிலில் ‘பேனிங்’ என்கிறார்கள்.

பேனிங் செய்பவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது கைவேலையைவிட இடுப்பு வேலை என்பது புரியும். படம் எடுக்க நினைத்த இடத்தைப் பார்த்தபடி முதலில் இரு பாதங்களையும் ஊன்றிக்கொள்கிறார். பிறகு இடுப்புக்கு மேல் மட்டும் முறுக்கி, வண்டி வரும் பக்கம் திரும்புகிறார். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கின்றன. வண்டி தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே வியூஃபைண்டருக்குள் அதைப் பிடித்து, ஓட்டுநரின் தலைக்கவசத்தின் மீது ஃபோகஸ் கட்டத்தை வைத்து, கூடவே திரும்பி வருகிறார். உடல் முறுக்கு அவிழ்ந்து நேராகும் இடத்தில் விரல் அழுத்துகிறது. அழுத்திய பிறகும் உடல் திரும்பிக்கொண்டே போகிறது. அழுத்தியவுடன் நின்றுவிட்டால் கடைசிப் படங்கள் கலங்கிவிடும். லென்ஸில் அதிர்வைத் தடுக்கும் வசதி இருந்தால், அதைப் பேனிங்குக்கான நிலைக்கு மாற்றியிருப்பார். அந்த நிலையில் லென்ஸ் மேலும் கீழுமான நடுக்கத்தை மட்டும் சரிசெய்யும், பக்கவாட்டு அசைவில் தலையிடாது.

இதில் உடல் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும்? வண்டியின் வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். 50 மீட்டர் தள்ளி நின்று, நொடிக்கு 50 மீட்டர் போகும் காரை எடுத்தால், கார் நேரெதிரே வரும் கணத்தில் நொடிக்கு ஒரு ரேடியன், அதாவது சுமார் 57 டிகிரி. இப்போது சேலம் மாவட்டத்து மேச்சேரிக்கு வருவோம். ஓமலூர் சாலையோரத்தில், பாதுகாப்பான இடத்தில், சாலையிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கும் இளைஞர், மணிக்கு 54 கிலோமீட்டரில் போகும் பஸ்ஸைப் படமெடுக்கிறார். நொடிக்கு 15 மீட்டர் வேகம், 15 மீட்டர் தூரம். அவர் திரும்ப வேண்டிய வேகமும் அதே 57 டிகிரி! இருங்காட்டுக்கோட்டையில் வேண்டிய பயிற்சியைப் பஸ் டிக்கெட் கூட வாங்காமல் மேச்சேரியிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சேலம் வட்டாரத்தில் பொங்கலையொட்டி நடக்கும் எருதாட்டத்தில் இந்தக் கணக்கு பலிக்காது. கார் தன் தடத்தை விட்டு விலகாது, அதன் உடலும் வளையாது. காளையின் கால், கழுத்து, வால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகும். அங்கே 1/1000 நொடிதான் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டில் கார் பந்தயத்துக்கு நெடிய வரலாறு உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டு பந்தயம் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் நிரந்தரத் தடம் வந்தது. மறைந்த கார் வடிவமைப்பாளர் கரிவரதன் பெயரில் கோவை செட்டிப்பாளையத்தில் இன்னொரு தடம் இருக்கிறது.

தடத்தில் எங்கே நிற்பது என்பதும் இயற்பியல்தான். பிடி நழுவிய கார் வளைவோடு திரும்பாது, தொடுகோட்டுத் திசையில் நேராக வெளியே பாயும். வளைவின் வெளிப்பக்கத்தில் பல இடங்களில் போட்டோகிராபர்களைத் தடத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் மார்ஷல்கள் அனுமதிக்காதது அதனால்தான். உட்பக்கம் நிற்பவருக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. காருக்கும் அவருக்கும் இடையிலான தூரம் அதிகம் மாறாததால், திரும்பும் வேகமும் ஏறக்குறைய சீராக இருக்கும். நேர்ப்பாதையிலோ, கார் 45 டிகிரி தள்ளி வரும்போது தேவைப்படும் வேகம், நேரெதிரே வரும்போது இரட்டிப்பாகிவிடும்.

கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தலாம் என்று நினைத்தால் காலம் கடந்துவிடும். கண்டதை உணர்ந்து விரல் அசைய மனிதருக்குச் சுமார் 0.2 நொடி ஆகிறது. அதற்குள் கார் 10 மீட்டர் போயிருக்கும். நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவிலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மீட்டர் இடைவெளி விழும். ஆகவே அனுபவசாலிகள் முதல் சில சுற்றுகளில் ஓட்டுநர் எங்கே பிரேக் பிடிக்கிறார், டயர் எங்கே தடத்தின் ஓரக்கல்லில் ஏறுகிறது என்று கவனித்துவிட்டுத்தான் இடம் பிடிக்கிறார்கள்.

ஷட்டர் இயங்கும் விதமும் வேகத்தைப் படத்தில் காட்டும். முதல் உலகப் போருக்குச் சற்று முன் பிரெஞ்சு கிராண்ட் பிரீ கார் பந்தயத்தில் போட்டோகிராபர் ஜாக் ஆன்ரி லார்த்திக் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதில் காரின் சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வேடிக்கை பார்ப்பவர்களோ எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவரது கேமராவின் ஷட்டர் பிளவுள்ள ஒரு திரை. அந்தப் பிளவு நகர நகரப் படம் பட்டை பட்டையாகப் பதிவானது. சக்கரத்தின் அடி முதலில் பதிவாகி, மேற்பகுதி பதிவாவதற்குள் கார் முன்னே போய்விட்டது. லார்த்திக் கேமராவைத் திருப்பிய வேகம் காரின் வேகத்துக்குப் போதவில்லை. அதனால் கார் ஒரு பக்கமும் மனிதர்கள் மறுபக்கமும் சாய்ந்தார்கள்.

இன்றைய செல்போனிலும் சென்சார் வரிவரியாகத்தான் படத்தைப் படிக்கிறது. மொத்த வரிகளையும் படிக்க 1/50 நொடி ஆனால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே நம் கார் ஒரு மீட்டர் நகர்ந்திருக்கும். எல்லா வரியையும் ஒரே கணத்தில் பதியும் ‘குளோபல் ஷட்டர்’ சென்சாரை முழுச்சட்டக அளவில் சோனி தன் ஏ9 மூன்றாம் பதிப்பில் 2023இன் இறுதியில் அறிவித்தது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, சாலையிலேயே இரவுப் பந்தயம் நடந்தது. இரவு வந்தால் புதிய சிக்கல் முளைக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது, 1/1000 நொடி ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது இருட்டாகவும், சிலவற்றில் குறுக்கே கருப்புப் பட்டையோடும் வரும். பந்தயத் தடத்தின் முதன்மை விளக்குகளை மினுக்கல் இல்லாமல் அமைக்க முடியும். தெருவிளக்குக்கும் கடை விளக்குக்கும் அந்த உத்தரவாதம் இல்லை.

மேச்சேரி பத்ரகாளியம்மன் கோயில் மாசித் திருவிழாவையும் கல்யாண மண்டப வரவேற்பையும் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. சீரியல் செட் விளக்குகளுக்குக் கீழே ஷட்டரை 1/100 நொடிக்கு இறக்கினால், ஒரு முழு மினுக்கல் ஒவ்வொரு படத்திலும் அடங்கி வெளிச்சம் சீராகிவிடும். இரவுப் பந்தயத்திலும் அதே 1/100 நொடியை வைத்துக் காரோடு திரும்பினால், சென்சாருக்கு 1/1000 நொடியில் கிடைப்பதைப்போல் 10 மடங்கு ஒளி கிடைக்கிறது, மினுக்கல் மறைகிறது, சக்கரம் 90 டிகிரிக்கு மேல் சுழல்கிறது.