தமக்கென ஒரு நாழிகை

பழந்தமிழர் ஒரு நாளை 60 நாழிகைகளாக வகுத்தனர். இக்காலக் கணக்கின்படி ஒரு நாழிகை 24 நிமிடங்களாகும். 59 நாழிகைகளைத் தொழிலுக்கும் பிறர்க்கும் உறக்கத்துக்கும் அளித்த பின்னர், எஞ்சிய ஒன்றைத் தமக்கென வைத்துக்கொள்ளுதல் இயலாதா? "நேரம் ஏது?" என்பதே பெரும்பாலோர் தரும் விடை.

இவ்விடையைக் கூறுவோருள் முன்நிற்போர் பிறரைப் பேணுவோரே. விடியுமுன் அடுப்பு மூட்டும் தாய், நோயுற்ற மாமியாரைப் பராமரிக்கும் மருமகள், வைத்தியசாலையில் இரவு முழுதும் விழித்திருந்து வந்து வீட்டு வேலையில் இறங்கும் தாதி ஆகியோர், தம்மைப் பேணுதலைத் தன்னலமென்றே கருதுகின்றனர். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கிணற்றின் இயல்பை நன்கறிவர். ஊற இடம் விடாது அளவின்றி இறைத்தால் நன்னீர் குறைந்து உவர்நீர் ஏறும். உள்ளமும் அத்தகையதே. ஓய்வறியாத உள்ளத்திலிருந்து சலிப்பும் சினமும் பிறக்கும். அவற்றை முதலில் தாங்க நேர்வோர், பேணப்படும் குழந்தையும் நோயாளியுமே அன்றோ?

இந்நிலைக்கு மருந்தாகும் வழியொன்றை முன்னோர் வகுத்துள்ளனர். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளை விளக்குகின்றார். அவை இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன. யோகமென்றவுடன் உடலை வளைத்தலையே பலர் எண்ணுவர். அவ்வாதனமோ எட்டினுள் ஒன்றே. உடல் நிலைபெற்றால் மூச்சுச் சீர்ப்படும். மூச்சுச் சீர்ப்பட்டால் உள்ளம் அடங்கும்.

இதன் காரணத்தை உடற்கூற்று நூலும் ஒருவாறு விளக்குகின்றது. மூச்சை உள்ளிழுக்கையில் இதயத் துடிப்புச் சற்று விரைகின்றது, வெளிவிடுகையில் தணிகின்றது. ஓய்வாக இருக்கும்போது வளர்ந்தோர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுவர். இத்தாலிய மருத்துவர் சிலர் 23 பேரை ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் தம் முடிவை வெளியிட்டனர். கத்தோலிக்கர் செபமாலை செபிக்கும்போதும், மந்திரத்தை உருவேற்றும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத்தின் கதியும் குருதியழுத்தத்தின் ஏற்றத்தாழ்வும் அதனோடு இசைந்தன. சமயங்கள் வேறாயினும் மூச்சின் நெறி ஒன்றாகவே அமைந்தமை கருதத்தக்கது.

ஒரு நாழிகையைப் பயன்படுத்தும் முறை எளிது. முற்பாதியாகிய 12 நிமிடங்களில் கை, கால், முதுகு ஆகியவற்றை மெல்ல நீட்டி மடக்கும் எளிய ஆதனங்களைச் செய்யலாம். அடுத்த ஆறு நிமிடங்கள் நிமிர்ந்திருந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடவேண்டும். மூச்சை அடக்கும் கும்பகத்தை ஆசிரியரின்றிப் பழகுதல் ஆகாது. குருதியழுத்தம், முதுகெலும்பு நோய் உடையோரும் கருவுற்ற மகளிரும் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குவது நலம்.

இறுதி ஆறு நிமிடங்கள் மௌனத்துக்குரியன. இன்று உள்ளத்தைச் சோர்வித்தது எது, கடுஞ்சொல் எழுந்தது எவ்விடத்தில், நாளை இறக்கிவைக்கக்கூடிய சுமை யாது என்பவற்றை ஆராயலாம். தம்மைக் குற்றஞ்சாட்டுதல் இதன் நோக்கமன்று. உள்ளதை உள்ளவாறு காண்பதே நோக்கம்.

எனினும், ஓய்வொழிவற்ற இல்லத்தரசி இந்நாழிகையைத் தனியே தேடிப் பெறுதல் அரிது. வீட்டார் அதனைக் கொடுத்தல் வேண்டும். கந்தோரிலிருந்து திரும்பும் கணவன் அந்த 24 நிமிடங்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். வளர்ந்த மகன் பாட்டியின் அருகில் அமர்ந்திருக்கலாம். அவள் இருக்கும் அறையின் கதவை அதுவரை எவரும் தட்டாதிருந்தாற் போதும்.