கோப்பித்தூள் விற்பவர் வீட்டுக் கோப்பையை அறிவாரா?

மலைநாட்டுச் சிறு நகரமொன்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் அண்மையில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீதிப் பெண்மணி ஒருவர் பாதி பாவித்த கோப்பித்தூள் பைக்கற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நானா, இந்தத் தூள் அடங்குதில்ல. எவ்வளவு நேரம் வெச்சாலும் சக்கை மேலேயே மிதக்குது, பல்லுல படுது. மிளகாய் வாசமும் அடிக்குது" என்றார்.

"இது எங்கட மில்லுல திரிச்ச தூள்தானே தாத்தா, கலப்படம் ஒண்டும் இல்ல" என்றார் நண்பர்.

அவர் சொன்னது உண்மைதான், கலப்படம் இல்லை. ஆனால் அந்தப் பெண்மணி வாதாடவில்லை. உடனடிக் கோப்பிச் சிறு பைக்கற் நான்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நண்பருக்குக் கிடைக்க வேண்டிய இலாபத்தின் பெரும் பகுதி அந்த நான்கு பைக்கற்றுகளோடு வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. எமது கடைக்காரர்கள் கோப்பியை இழந்து வருவது பெரும்பாலும் இப்படித்தான். சத்தமில்லாமல், ஒவ்வொரு வீடாக.

எமது வீடுகளில் கோப்பி எப்படிக் குடிக்கப்படுகிறது? தென்னிந்தியாவைப் போல் பில்டரில் வடித்து, பால் சேர்த்து ஆற்றிக் குடிக்கும் பழக்கம் இங்கு பெரிதாக வேரூன்றவில்லை. கோப்பையிலோ கிளாசிலோ தூளையும் சீனியையும் போட்டு, கொதிநீரை நேரே ஊற்றிக் கலக்கி, மூடி வைத்து, மண்டி அடியில் படிந்த பிறகு மேல்நீரைக் குடிப்பதே வழக்கம். சில வீடுகளில் சட்டியில் ஒரு கொதி விட்டு இறக்குவார்கள். தூள் படியாவிட்டால் மேலே சில துளி பச்சைத் தண்ணீர் தெளிப்பார்கள். மழைக்காலத்திலும் தடிமன் காய்ச்சலுக்கும் இஞ்சியோ வேர்க்கொம்போ தட்டிப் போடுவார்கள். சிலர் சீனியை விட்டுவிட்டுக் கித்துள் கருப்பட்டித் துண்டொன்றைக் கடித்துக் கடித்துக் குடிப்பார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பியோர் சிலரின் வீடுகளில், மெலிதாக வறுத்த பருப்பில் ஏலம் சேர்த்துக் காய்ச்சும் பொன்னிறக் கஹ்வாவும் உண்டு.

இவற்றுள் கடைக்காரர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, தூளின் மேல் நேரே கொதிநீர் ஊற்றும் முதல் முறையைத்தான். காரணம் ஒரு விந்தை. உலகச் சந்தையில் பல கோடி பெறுமதியான கோப்பியை வாங்குமுன் அதைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விலையுயர்ந்த இயந்திரம் எதையும் பாவிப்பதில்லை. கோப்பையில் அளந்து போட்ட தூளின் மேல் 93 பாகை செல்சியஸ் அளவிலான சுடுநீரை ஊற்றுகிறார்கள். சுமார் 4 நிமிடம் பொறுத்து, மேலே திரண்ட படையைக் கரண்டியால் உடைத்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணம் பிடிக்கிறார்கள். தூள் அடங்கியதும் கரண்டியால் அள்ளி உறிஞ்சுகிறார்கள். 150 மில்லிலீற்றர் தண்ணீருக்குச் சுமார் எட்டேகால் கிராம் தூள் என்பது அவர்களது அளவு. எங்கள் உம்மம்மாமார் செய்தது ஏறத்தாழ இதையேதான்!

நிபுணர்கள் ஏன் இம்முறையைத் தேர்ந்தார்கள் என்றால், இது எதையும் மறைக்காது. பில்டர் ஒருசில குறைகளை வடித்துவிடும். பாலும் சிக்கரியும் கசப்பையும் பழமையையும் மூடிவிடும். வெறுங் கோப்பியில் மறைப்பு எதுவும் கிடையாது. ஆகவே உங்கள் தூளை ஒவ்வொரு நாளும் பரிசோதகர் ஒருவரின் முறையில் சோதித்துப் பார்க்கும் வாடிக்கையாளர்களுக்கே நீங்கள் கோப்பி விற்கிறீர்கள். அவர்களுக்குக் குறையின் பெயர் தெரியாமல் இருக்கலாம். நாக்குக்குத் தெரியும்.

அந்தப் பெண்மணி சொன்ன குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சக்கை மிதப்பது இரண்டு காரணங்களால். ஒன்று, தூள் கரடுமுரடாக இருப்பது. பில்டருக்கும் வேறு சாதனங்களுக்கும் சற்றுப் பருமனான தூள் பொருந்தும். கோப்பையில் நேரே ஊற்றிக் குடிப்பதற்கு நன்கு மென்மையான தூளே வேண்டும். மென்மையான தூள்தான் விரைவில் நனைந்து சேறு போல் அடியில் படியும், குறைந்த தூளில் கூடிய சாறும் இறங்கும். இரண்டாவது காரணம் உமி. கோப்பிப் பருப்பைச் சுற்றியுள்ள மெல்லிய தோல் வறுக்கும்போது கழன்று வரும். அதைப் புடைத்து அகற்றாமல் மில்லில் கொட்டினால், எவ்வளவு அரைத்தாலும் அந்தத் தோல் மிதந்துகொண்டேயிருக்கும். நிறை குறையுமே என்று புடைக்காமல் விடுவோர் உண்டு. ஒரு கிலோவில் மிஞ்சுவது சில கிராம்தான், போவது வாடிக்கையாளர்.

மிளகாய் வாசத்துக்கு விளக்கம் தேவையில்லை. எமது ஊர் மில்களில் பெரும்பாலும் ஒரே இயந்திரத்தில்தான் மிளகாய், மல்லி, மஞ்சள், கோப்பி எல்லாம் திரிக்கப்படுகின்றன. கோப்பி சுற்றியுள்ள மணங்களை விரைவில் பிடித்துக்கொள்ளும் பொருள். கழுவித் துடைப்பது முடியாத காரியம். காலையில் முதல் வேலையாகக் கோப்பியைத் திரிப்பதும், அதற்கு முன் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி அதை ஒதுக்கிவிடுவதும் முடியும். கடை இறாக்கையிலும் கருவாட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் பக்கத்தில் கோப்பித்தூளை வைக்கக் கூடாது.

அவர் சொல்லாமல் விட்ட மூன்றாவது குறை பழமை. வறுத்த பருப்பினுள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். கொதிநீர் பட்டவுடன் அது நுரையாகப் பொங்கி வெளிவரும். புதிய தூளை ஊற்றும்போது எழும் அந்த நுரைதான் பெரியவர்கள் நல்ல கோப்பிக்கு அடையாளமாகச் சொல்வது. நாட்பட்ட தூளில் வாயு போய்விட்டிருக்கும். அதோடு மணமும் போயிருக்கும். வறுத்த பருப்பு முழுதாக இருந்தால் சில வாரங்களுக்கு மணம் காக்கும். தூளாக்கிய பின் காற்றுப் பட்டால் சில நாட்களிலேயே சரிவு தொடங்கிவிடும். சாதாரண மெல்லிய பொலித்தீன் ஈரத்தை ஓரளவு தடுக்குமே தவிர, காற்றையும் மணத்தையும் தடுக்காது. மாதக் கணக்கில் விற்கும் எண்ணமிருந்தால் அலுமினியப் படலம் சேர்ந்த பை வேண்டும். வாரத்துக்கு வாரம் விற்பதாயின் 50 கிராம், 100 கிராம் பைக்கற்றுகளாக அவ்வப்போது திரித்துக் கட்டுவதே மலிவான வழி. மில்லிலிருந்து வந்த சூட்டோடு கட்டிவிடவும் கூடாது. ஆறவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் சிறு கடைக்காரருக்குப் பெரிய கம்பனியை விடவும் ஒரு வசதி இருக்கிறது. தொழிற்சாலையில் கட்டிய பைக்கற் களஞ்சியம், லொறி, மொத்த வியாபாரி என்று பல கைகள் மாறி வர நாட்களாகும். உங்கள் தூள் நேற்றுத் திரித்தது. அந்த வசதியை நாமே வீணாக்குகிறோம், மூன்று மாதத்துத் தூளை ஒரேயடியாகத் திரித்து வைப்பதன் மூலம்.

இனி விலைக் கணக்கு. உலர்ந்த பச்சைப் பருப்பை வறுக்கும்போது ஈரமும் வேறு சிலவும் போய், நிறையில் ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் வரை குறையும். கணக்குக்காக ஒரு கிலோ பருப்பை 1,000 ரூபாவுக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 17 வீதம் குறைந்தால் கையில் எஞ்சுவது 830 கிராம். அதாவது வறுத்த கோப்பி கிலோவொன்றின் அடக்கவிலை, விறகும் மில் கூலியும் பையும் சேர்க்கு முன்பே, 1,205 ரூபா. ஈரம் காயாத பருப்பை வாங்கினால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். நன்கு காய்ந்த பருப்பில் 10 முதல் 12 வீத ஈரமே இருக்கும்; கடித்தால் பல் பதியாது. வெறும் நிலத்தில் காயவைத்த பருப்பு மண் வாசத்தையும் பூஞ்சணத்தையும் கொண்டுவரும். மாத்தளை, அக்குறணை, மாவனல்லைப் பக்கங்களில் மிளகு, கராம்புடன் கோப்பியும் வாங்கும் எம்மவர் இதை நன்கு அறிவார்கள்.

இந்தக் கணக்கின் அழுத்தம்தான் கலப்படத்துக்குக் கதவு திறக்கிறது. 2024 இறுதியில் உலகச் சந்தையில் அரபிக்காக் கோப்பியின் விலை 1977ஆம் ஆண்டின் உச்சத்தையும் தாண்டியது; 2025 தொடக்கத்தில் மேலும் ஏறியது. இப்படியான காலங்களில் வறுத்த சோளமும் அரிசியும் புளியங்கொட்டையும் கோப்பி என்ற பெயரில் சந்தைக்கு வர இடமுண்டு.

மல்லி சேர்ப்பது கலப்படமா என்று சிலர் கேட்கிறார்கள். அல்ல. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து வறுத்து இடிப்பது எமது வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அதை விரும்பிக் கேட்டு வாங்குவோரும் இருக்கிறார்கள். "மல்லிக் கோப்பி" என்று எழுதி, அதற்குரிய விலைக்கு விற்றால் அது நல்ல வியாபாரம். மல்லி கோப்பியை விட மலிவாகக் கிடைக்கும்போது அதே பையில் "சுத்தமான கோப்பி" என்று அச்சிட்டுக் கோப்பி விலைக்கு விற்றால் அது மோசடி. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழும் சிக்கலில் மாட்டும் விடயம் இது. சட்டத்துக்கு முன்னரே எமக்கொரு அளவுகோல் உண்டு. சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்ட ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை நாம் ஜும்ஆ மேடைகளில் பல தடவை கேட்டிருக்கிறோம். அந்த வியாபாரி செய்ய வேண்டியிருந்தது ஈரத்தை வெளியே காட்டுவது மட்டுமே. மல்லியையும் அப்படியே பையின் மேல் எழுதிவிடலாம்.

வெளியிலிருந்து தூளாகவே வாங்கி விற்பவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கிளாசில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து மேலே சிறிது தூளைத் தூவுங்கள். கோப்பித்தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது சற்று நேரம் மிதக்கும், நீர் மெதுவாகவே நிறம் மாறும். சிக்கரி கலந்திருந்தால் அது விரைவில் கீழிறங்கி, இறங்கும் வழியெங்கும் கபில நிறக் கோடு விடும். இது குளிர்ந்த நீரில் மாத்திரம் செய்யும் சோதனை. கொதிநீரில் தூள் அடங்காமல் மிதப்பதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது சந்தேகத்தை எழுப்ப உதவுமே தவிர, முடிவான அத்தாட்சியல்ல.

கோப்பிக்கும் எமக்கும் உள்ள உறவு பழையது. யெமனில் 15ஆம் நூற்றாண்டில் இரவு திக்ருகளில் விழித்திருக்க ஸூபிகள் அருந்திய பானம் அது. எமது நாட்டில் 1869இல் இலைத்துரு நோய் வந்து பெருந்தோட்டங்களை அழிக்கும்வரை கோப்பிதான் ஏற்றுமதியில் முதலிடம் வகித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்த பின்னும் வீட்டுத் தோட்டத்து மரங்கள் தப்பிப் பிழைத்தன. இன்றும் றமழான் இரவுகளில் தராவீஹ் முடிந்து வருபவர்களுக்குச் சில வீடுகளில் முதலில் வருவது இஞ்சிக் கோப்பிதான். அந்த மாதம் தொடங்க ஒரு வாரத்துக்கு முன் புதிதாக வறுத்துத் திரிக்கும் கடைக்குக் கேள்வி இருக்கும்.

மேலே சொன்ன நண்பரின் கடைக்குப் பிறகொரு நாள் போனேன். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மின்கேத்தலும் இரண்டு கண்ணாடிக் கிளாசும் இருந்தன. புதிதாகத் திரித்த தூள் வந்தால் பைக்கற் கட்டுமுன் ஒரு கிளாசில் போட்டு, கொதிநீர் ஊற்றி, சீனி போடாமல் குடித்துப் பார்க்கிறார். இரண்டாவது கிளாஸ் கடைக்கு வருபவருக்கு. அன்று அது எனக்குக் கிடைத்தது. நுரை இருந்தது, தூளும் அடங்கியது. கொஞ்சம் கூடுதலாக வறுபட்டிருந்தது என்று சொன்னேன். அவர் கொப்பியில் அதையும் குறித்துக்கொண்டார்.