மங்கனீசும் உருக்கும்: உலையின் இரசாயனமும் உடைமையின் வரலாறும்

உருக்குத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் தனிமனித மேதைமையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உலையினுள் மங்கனீசு நடந்துகொள்ளும் முறையை நோக்குவோர்க்கு இவ்வரலாறு வேறொரு கோணத்திற் புலப்படும்.

மங்கனீசுத் தாதுகளுள் முக்கியமானது பைரொலுசைற்று. இது மங்கனீசீரொட்சைட்டாகும். ஏறத்தாழ 500 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமேற்றும்போது ஒட்சிசனின் ஒரு பகுதியை இது இழக்கின்றது. 900 பாகையளவில் மேலும் ஒரு பகுதி நீங்குகின்றது. அதன்பின் எஞ்சுவதைக் காபனோரொட்சைட்டு வாயு மங்கனீசோரொட்சைட்டாகத் தாழ்த்திவிடும். அதற்கப்பால் அவ்வாயு பயன்படாது. இரும்பொட்சைட்டை உலோகமாக்கும் அதே வாயுவால் மங்கனீசோரொட்சைட்டைத் தாழ்த்தவியலாது. ஏறத்தாழ 1400 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையிற் காபனே அதனைத் தாழ்த்தவல்லது. ஊதுலையில் இடப்படும் மங்கனீசின் ஒரு பகுதி கசடோடு கழிந்துபோவதற்கு இதுவே காரணம்.

ஒட்சிசனை எளிதில் விடாத இவ்வியல்பே மங்கனீசுக்குப் பயன்பெறுமதியையும் அளிக்கின்றது. உருகிய இரும்பிற் கரைந்துள்ள ஒட்சிசனை அது கவர்ந்து கசடாக்குகின்றது. கந்தகத்தையும் அவ்வாறே பற்றிக்கொள்கின்றது. இரும்புச் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து 988 பாகையிலேயே உருகுவதால், செஞ்சூட்டில் உருட்டப்படும் உருக்கு வெடித்துப் பிளக்கும். மங்கனீசுச் சல்பைட்டோ ஏறத்தாழ 1600 பாகைவரை உருகுவதில்லை.

1856இல் என்றி பெசமர், உருகிய வார்ப்பிரும்பினூடாகக் காற்றைச் செலுத்திக் காபனை எரித்து உருக்காக்கும் முறையை இங்கிலாந்தில் வெளியிட்டார். காபனை எரித்த காற்று, மிகுதி ஒட்சிசனை உலோகத்தில் விட்டுச்சென்றது. உருக்கு நொறுங்கியமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. மங்கனீசு மிகுந்த வார்ப்பிரும்பைச் சேர்த்து இக்குறையை நீக்கும் வழிக்கு றொபேட் மசற் அதே ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். 1859இற் செலுத்தவேண்டிய 50 பவுண் முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாமையால் அவ்வுரிமை காலாவதியாயிற்று. 1866இல் மசற்றின் மகள் மேரி, தமது பதினாறாம் வயதில் இலண்டன் சென்று பெசமரிடம் நேரில் முறையிட்டார். அதன் பின்னரே ஆண்டுக்கு 300 பவுண் உதவித்தொகை மசற்றுக்குக் கிடைக்கலாயிற்று. உரிமையாகப் பெறவேண்டியது இவ்வாறு கொடையாகச் சுருங்கியது.

இதனைப் பெசமர் என்ற தனிமனிதரின் குணக்குறையாக விளக்குதல் போதாது. கண்டறிந்தவரை விடுத்துக் கட்டணம் செலுத்துவோரையே உரிமையாளராகக் காணும் உடைமைமுறையே இங்கு கவனிக்கற்பாலது. தாதை அகழ்ந்தோரும் உலைமுன் நின்றோரும் அந்த ஆக்கவுரிமைப் பத்திரத்திலும் இடம்பெறவில்லை என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும்.